ஓராண்டுக் கலை கட்டாயம், இரண்டாம் ஆண்டு பாரம்: கலிபோர்னியாவின் ‘எஃப்’ கணக்கு

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒன்பது இளநிலை வளாகங்களுக்கும் பொதுவான விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் காலம் அக்டோபர் 1 அன்று தொடங்கி வழக்கமாக நவம்பர் 30 அன்று முடிகிறது என்பதும், அந்த நாள் வார இறுதியில் வந்தால் அடுத்த வேலைநாள்வரை அவகாசம் உண்டு என்பதும் பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை உள்ள எல்லா வீடுகளிலும் தெரிந்தவையே. ஆயினும் இந்தப் பருவத்தில் வாசகர் கடிதங்களில் மிகுந்து காணப்படும் ஐயங்கள் கணிதத்தையோ அறிவியலையோ பற்றியவையாக இல்லாமல், பாடப்பட்டியலில் மிகச் சிறிய இடமே பெற்றிருக்கும் ஓவியத்தையும் இசையையும் பற்றியவையாக இருக்கின்றன. பத்தாண்டு காலம் கர்நாடக சங்கீதம் கற்ற பெண்ணிடம் கலைப்பாடம் இன்னும் முடியவில்லை என்று பள்ளி ஆலோசகர் சொல்வது எங்ஙனம் என்பது ஒரு கேள்வி; ஆர்கெஸ்ட்ரா வகுப்பில் எல்லாப் பருவங்களிலும் ‘ஏ’ வாங்கிய பையனின் சராசரி அதனாலேயே குறைந்தது எங்ஙனம் என்பது மற்றொன்று. முதல் கேள்வியின் விடை விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவதன் விடை எந்த விதியிலும் எழுதப்படாமல், இரண்டு விதிகள் சந்திக்கும் இடத்தில் தானாக உருவாகியிருப்பதால், அதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

‘ஏ–ஜி’ என்று சுருக்கமாக வழங்கும் விதித்தொகுப்பு, கல்லூரிப் படிப்புக்கு ஆயத்தமான மாணவரை இனங்காணும் அளவுகோல் என்று பல்கலைக்கழகத்தால் முன்வைக்கப்படுகிறது. நடைமுறையில் அது 15 ஓராண்டுப் பாடங்களை ஏழு ஆங்கில எழுத்துகளின்கீழ் வகுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ‘சி’ தரம் கேட்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலாகவே இயங்குகிறது. ஆங்கிலத்துக்கு நான்கு ஆண்டு, கணிதத்துக்கு மூன்று ஆண்டு என்று செல்லும் அந்தப் பட்டியலில் ஆறாவது எழுத்தான ‘எஃப்’ கலைகளுக்கு உரியது. கேட்கப்படுவது ஓராண்டு மட்டுமே. நடனம், இசை, நாடகம், காட்சிக்கலை, இவற்றுள் சிலவற்றை இணைத்துக் கற்பிக்கும் கூட்டுக்கலை ஆகிய ஐந்து துறைகளுள் ஒன்றில் அந்த ஓராண்டு அமைய வேண்டும். அரையாண்டு ஓவியமும் அரையாண்டு சேர்ந்திசையும் சேர்ந்தால் காலண்டர்படி ஓராண்டு ஆகலாம்; ‘எஃப்’ கணக்கில் ஆகாது, ஏனெனில் இரண்டு அரையாண்டுகளும் ஒரே துறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அரையாண்டு ஓவியமும் அரையாண்டு மட்பாண்டக் கலையும் இரண்டுமே காட்சிக்கலை என்பதால் சேரும்.

ஒரு வகுப்பு ‘எஃப்’ பாடமாக ஏற்கப்படுவது, அதை நடத்தும் பள்ளி தன் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஒப்புதல் பெற்று, பள்ளிவாரியாக இணையத்தில் வெளியிடப்பட்டுள்ள பட்டியலில் இடம்பெறச் செய்திருக்கும்போது மட்டுமே. ஆகவே ஒரு பள்ளியில் ஒப்புதல் பெற்ற ஒளிப்பட வகுப்பு, அடுத்த பள்ளியில் அதே பெயரில், அதே நூலைக்கொண்டு நடத்தப்பட்டாலும், அப்பள்ளி ஒப்புதல் பெற்றிராவிட்டால் கணக்கில் வராது. உடற்பயிற்சியையே முதன்மையாகக் கொண்ட வகுப்புகளும், மென்பொருளை இயக்கக் கற்பிப்பதோடு நின்றுவிடும் கணினி வரைகலை வகுப்புகளும் ஏற்கப்படுவதில்லை. தனி ஆசிரியரிடம் வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ ஞாயிறுதோறும் கற்ற வாய்ப்பாட்டும், வீணையும், பரதமும் எவ்வளவு உயர்ந்த நிலையை எட்டியிருந்தாலும் பட்டியலில் உள்ள வகுப்பாக இல்லாமையால் ‘எஃப்’ தேவையை நிறைவேற்றா. பத்தாண்டு சங்கீதம் குறித்த முதல் கேள்விக்கு விடை இவ்வளவே. கலையறிவைச் சோதிக்கும் விதியாக இதைக் கருதுவோர் ஏமாற்றமடைகின்றனர். பதிவேட்டைச் சோதிக்கும் விதி என்று கொண்டால் குழப்பம் தீர்கிறது.

குழப்பத்துக்கு மாநில அரசும் ஒரு காரணம். பள்ளிப் படிப்பை முடித்ததாகச் சான்றிதழ் பெறுவதற்கு மாநிலக் கல்விச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சத் தேவையில், ஓராண்டுக் கலைப்பாடம் ‘அல்லது’ ஓராண்டு வேற்றுமொழி என்று எழுதப்பட்டிருக்கிறது; 2011இல் நிறைவேறிய ஒரு திருத்தத்தின்மூலம் தொழிற்கல்விப் பாடம் ஒன்றையும் அதற்கு மாற்றாக ஏற்கும் உரிமை மாவட்டங்களுக்குக் கிடைத்தது. எனவே ஒரு மாணவர் தூரிகையையோ வாத்தியத்தையோ தொடாமலே முறைப்படி பட்டயம் பெற்றுப் பள்ளியிலிருந்து வெளியேறலாம். அதே மாணவர் அதே மாநிலத்தின் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதியற்றவராகவும் இருக்கலாம். பல மாவட்டங்கள் தம் பட்டயத் தேவையை ‘ஏ–ஜி’யோடு ஒத்துப்போகும்படி மாற்றிக்கொண்டிருக்கின்றன என்றாலும், தம் மாவட்டம் அவற்றுள் ஒன்றா என்பதைப் பெற்றோரே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

சராசரியை இழுக்கும் ‘ஏ’

பல்கலைக்கழகம் கணக்கிடும் சராசரி, பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருக்கும் ஜி.பி.ஏ.வினின்று வேறுபட்டது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடைமுதல் பதினோராம் வகுப்பு முடிந்த கோடைவரை, அதாவது பத்து, பதினொன்று ஆகிய இரண்டு வகுப்புகளின் காலத்தில் எடுத்த ‘ஏ–ஜி’ பாடங்களின் பருவத் தரங்கள் மட்டுமே அதில் சேரும். ‘ஏ’ தரத்துக்கு 4 புள்ளி, ‘பி’ தரத்துக்கு 3 புள்ளி என்ற வழக்கமான மதிப்போடு, ஏ.பி. வகுப்புகள், ஐ.பி. உயர்நிலை வகுப்புகள், பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட ஆனர்ஸ் வகுப்புகள், மாற்றத்தக்க கல்லூரிப் பாடங்கள் ஆகிய கடினமான பாடங்களில் ‘சி’யோ அதற்கு மேலோ பெற்றால் பருவத்துக்கு ஓர் ஊக்கப்புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இந்த ஊக்கப்புள்ளிகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: மாணவர் எத்தனை ஏ.பி. வகுப்புகள் எடுத்திருந்தாலும் எட்டுப் பருவங்களுக்கு மேல் எண்ணப்படுவதில்லை. அவற்றிலும் பத்தாம் வகுப்புக்கு உரியவை நான்கைத் தாண்டக்கூடாது. வசதியான பள்ளிகளின் மாணவர் ஏ.பி. வகுப்புகளை அடுக்கிக்கொண்டே போய்ச் சராசரியை உயர்த்திக்கொள்வதை இந்த வரம்பு தடுக்கிறது என்பதால், அது நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது.

சிக்கல் எழுவது வகுக்கும் எண்ணில். ஊக்கப்புள்ளிகள் எட்டோடு நின்றுவிடுகின்றன. ஆனால் அவற்றை எத்தனை தரங்களின்மீது பரப்புவது என்பதற்கு வரம்பு இல்லை. இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஐந்து ‘ஏ–ஜி’ பாடங்கள் எடுத்து, அனைத்திலும் ‘ஏ’ பெற்ற மாணவி ஒருத்தியைக் கருதலாம். அவளுடைய பருவத் தரங்கள் 20; புள்ளிகள் 80; ஊக்கப்புள்ளிகள் 8; மொத்தம் 88ஐ 20ஆல் வகுத்தால் சராசரி 4.40. அவளோடு அதே பாடங்களை எடுத்து, அதே தரங்களைப் பெற்று, கூடுதலாக இரண்டு ஆண்டும் ஆர்கெஸ்ட்ரா வகுப்பில் வயலின் வாசித்து, அதிலும் நான்கு பருவங்களிலும் ‘ஏ’ பெற்ற மாணவன் ஒருவனுக்குத் தரங்கள் 24, புள்ளிகள் 96, ஊக்கப்புள்ளிகள் அதே 8, மொத்தம் 104ஐ 24ஆல் வகுத்தால் 4.33. கூடுதலாக உழைத்து, எங்கும் குறையின்றித் தேறியவனுக்குச் சராசரி 0.07 குறைகிறது. சுண்டக் காய்ச்சிய பாலில் நல்ல பாலையே ஊற்றினாலும் அது நீர்த்துப்போவதைப் போன்றது இது.

இந்தக் கணக்கின் விபரீதம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. வயலின் வாசிக்காத மாணவி ஏதோ ஒரு பருவத்தில் சறுக்கி, வேதியியலில் ‘பி’ வாங்கிவிட்டாள் என்று வைத்துக்கொண்டால், அவளுடைய மொத்தம் 87, சராசரி 4.35. எல்லாவற்றிலும் ‘ஏ’ வாங்கிய வயலின் மாணவனைவிட அப்போதும் அவளே முன்னிற்கிறாள். வேதியியலில் தவறவிட்ட ஒரு தரத்தைவிட, இசையில் பெற்ற நான்கு முழுத் தரங்கள் அதிக நட்டம் விளைவிக்கின்றன. ஆர்கெஸ்ட்ரா வகுப்புக்கு அவனுடைய பள்ளி ஒப்புதலே வாங்காமல் விட்டிருந்தால், அது கணக்கில் சேராது என்பதால் அவனுடைய சராசரியும் 4.40ஆகவே இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து எண்ணினால், ஓர் இசை ஆசிரியர் தம் வகுப்புக்கு ஒப்புதல் பெறப் பாடுபடுவது மாணவர்களுக்குச் செய்யும் உதவியா என்ற கேள்விகூட எழக்கூடும். விதியை எழுதியவர்கள் இசைக்கு எதிராக எதையும் கருதவில்லை என்பது தெளிவு. ஊக்கப்புள்ளி இல்லாத எந்தக் கூடுதல் பாடத்துக்கும் இதே கதிதான். ஆனால் ஆண்டுதோறும் தொடர்ந்தால்தான் பயன் தரும் பாடமும், ஊக்கப்புள்ளி கிடைக்க வழி மிகக் குறைந்த பாடமும் பெரும்பாலும் குழு இசையாகவே இருப்பதால், சுமை அங்கேதான் இறங்குகிறது.

நூறில் ஏழு பங்கு யாருக்குப் பெரிது என்று கேட்கலாம். சேர்க்கைக்கான ஆய்வில் 13 அளவுகோல்கள் உண்டு, ஊக்கப்புள்ளி சேராத சராசரியும் வரம்பிடாத சராசரியும் ஆய்வாளர் முன் இருக்கும், குறைந்தபட்சத்துக்கு மேல் எடுத்த பாடங்கள் தனியே பாராட்டப்படும் என்பன பல்கலைக்கழகத் தரப்பின் விடை. வயலின் மாணவனின் ஊக்கப்புள்ளியில்லாச் சராசரி 4.00, ‘பி’ வாங்கிய மாணவியுடையது 3.95 என்பதை மனிதர் ஒருவர் பார்த்தால் உணர்வார் என்பது உண்மையே. எனினும் மனிதர் பார்க்காமல் எண்ணே முடிவுசெய்யும் ஓர் இடம் இருக்கிறது. கலிபோர்னியாவின் பங்கேற்கும் ஒவ்வொரு பள்ளிக்கும், அங்கு முன்னர் படித்தோரின் தரங்களைக்கொண்டு ஓர் எல்லைச் சராசரி வகுக்கப்படுகிறது. வரம்பிட்ட சராசரியில் அந்த எல்லையை எட்டுவோர் பள்ளியின் முதல் 9 விழுக்காட்டினராகக் கொள்ளப்பட்டு, விண்ணப்பித்த வளாகங்கள் அனைத்தும் மறுத்தாலும், இடமுள்ள வேறொரு வளாகத்தில் அவர்களுக்குச் சேர்க்கை உறுதியளிக்கப்படுகிறது. இந்த ‘இடமுள்ள வளாகம்’ நடைமுறையில் பெரும்பாலும் மெர்செட் வளாகமாகவே இருந்துவருவதால் உறுதிமொழியின் கவர்ச்சி குறைவு என்பது ஒருபுறம் இருக்க, எல்லைக்கோட்டருகே நிற்கும் மாணவருக்கு 0.07 என்பது கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்பதையே தீர்மானித்துவிடும். எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளைச் சேர்க்கையில் பார்ப்பதில்லை என்ற நிலைக்குப் பல்கலைக்கழகம் வந்துவிட்டபின், தரச் சராசரியின் எடை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

கணக்கைப் புரிந்துகொண்ட குடும்பங்கள் இதற்குத் தக்கபடி நடக்கின்றன. ஒன்பதாம் வகுப்பின் தரங்கள் ‘எஃப்’ தேவையை நிறைவேற்றும், ஆனால் சராசரியில் சேரா; ஆகவே கலையை ஒன்பதாம் வகுப்பிலேயே ‘முடித்துவிடுவது’ எண்ணளவில் மிகச் சிக்கனமான வழி. பன்னிரண்டாம் வகுப்பின் தரங்கள் விண்ணப்பம் அனுப்பியபின்னரே வருவதால் அவையும் இந்தச் சராசரியைத் தொடா. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள்தாம் இழப்புக்குரியவை. ஒரு வாத்தியக் குழு குழுவாக உருப்பெறுவதும் அந்த ஆண்டுகளில்தான். ஓராண்டுக் கலையைக் கட்டாயமாக்கியதன் நோக்கம் கலையை எல்லோருக்கும் கொண்டுசெல்வது என்றால், அது ஓரளவு நிறைவேறியிருக்கிறது. ஆனால் அந்த ஓராண்டை வாசலாகக் கொண்டு உள்ளே செல்ல விரும்புபவரை அதே அமைப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்க்கிறது.

ஓவியம் கற்போருக்கு ஒரு மாற்று வழி திறந்திருக்கிறது. ஏ.பி. கலை வடிவமைப்பு வகுப்பு, வரைதல், இருபரிமாணம், முப்பரிமாணம் என்று மூன்று வகையாக உள்ளது. எழுத்துத் தேர்வுக்கு மாற்றாக மாணவர் ஒரு கருப்பொருளை ஆண்டு முழுதும் ஆராய்ந்து உருவாக்கியவற்றின் 15 படங்களும், தேர்ந்தெடுத்த 5 படைப்புகளும் கொண்ட தொகுப்பை மே மாதத்தில் சமர்ப்பிக்கின்றனர். மதிப்பீட்டில் முன்னதற்கு 60 விழுக்காடும் பின்னதற்கு 40 விழுக்காடும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஓவியம் வரைந்தே ஊக்கப்புள்ளி ஈட்ட இது இடம் தருகிறது. இசைக்கு உள்ள ஏ.பி. வகுப்போ இசைக்கோட்பாடு மட்டுமே. வாசிப்பதற்கோ சேர்ந்து பாடுவதற்கோ ஏ.பி. வகுப்பு இல்லை. அந்தக் கோட்பாட்டுத் தேர்வும் ஐந்து கோட்டு மேற்கத்தியக் குறியீட்டின்மீதும் மேற்கத்தியச் சுரக்கோவை இலக்கணத்தின்மீதும் எழுப்பப்பட்டிருப்பதால், கேட்டவுடன் சுரம் சொல்லவும் ராகம் பிரிக்கவும் தெரிந்த கர்நாடக இசை மாணவர், செவிப்பயிற்சியில் அனுகூலம் பெற்றாலும், குறியீட்டைப் புதிதாகக் கற்றே ஆக வேண்டும். சில பள்ளிகள் தம் மேல்நிலை இசைக்குழு வகுப்புக்கு ஆனர்ஸ் ஒப்புதல் பெற்றிருப்பதுண்டு. எட்டு ஊக்கப்புள்ளிகளும் ஏற்கெனவே நிரம்பிய மாணவருக்கு அதுவும் வரம்பிட்ட சராசரியில் உதவாது.

நேரப்பட்டியலின் நெருக்கடியும் இதோடு சேர்கிறது. நாளுக்கு ஆறு வகுப்புகள் உள்ள பள்ளியில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, வேற்றுமொழி என ஐந்து போக எஞ்சும் ஒன்றுக்குக் கலையும் உடற்கல்வியும் போட்டியிடுகின்றன; இனஆய்வுப் பாடம், தனிநபர் நிதிப் பாடம் என்று மாநிலம் சட்டமியற்றிச் சேர்க்கும் புதிய தேவைகளும் அந்த ஓரிடத்தையே குறிவைக்கின்றன. அதனால் இசைக்குழுக்கள் பல பள்ளிகளில் முதல் மணிக்கு முந்தைய ‘ஜீரோ பீரியட்’டுக்குத் தள்ளப்படுகின்றன. பதின்பருவத்தினர் போதிய அளவு உறங்க வேண்டும் என்பதற்காக, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக்கூடாது என்று 2022 ஜூலைமுதல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டம், ஜீரோ பீரியட்டுக்கு விலக்களித்திருக்கிறது.

கல்லூரி வழியும் வாக்காளர் தந்த பணமும்

விண்ணப்ப நேரத்தில் ‘எஃப்’ விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குத் தப்பிக்கும் வழிகள் உள்ளன. அந்த ஆண்டிலேயே பட்டியலில் உள்ள ஓராண்டு வகுப்பில் இருந்தால், அதை நடப்பில் உள்ள பாடமாக விண்ணப்பத்தில் குறிக்கலாம். இல்லையெனில், அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க மூன்று செமஸ்டர் அலகு கொண்ட ஒரு கலைப்பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியுமுன் எடுத்துத் தேறினால் போதும்; அந்த ஒற்றைப் பருவப் பாடம், உயர்நிலைப் பள்ளியின் முழு ஓராண்டுக்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. பத்தாண்டு வாய்ப்பாட்டுக்குக் கிடைக்காத ஏற்பு சில மாதக் கல்லூரி வகுப்புக்குக் கிடைப்பது முரணாகத் தோன்றினாலும், பதிவேட்டு நோக்கில் அதில் முரண் எதுவும் இல்லை.

கலைக்கல்வி குறித்து மாநிலம் பெருமையோடு சுட்டும் செய்தி, 2022 நவம்பரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டு வாக்காளர் ஆதரவோடு நிறைவேறிய 28ஆம் முன்மொழிவு. பள்ளிக் கல்விக்கு அரசியலமைப்பு உறுதிசெய்யும் நிதியின் 1 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை ஆண்டுதோறும் கலை, இசைக் கல்விக்கென்று கூடுதலாக ஒதுக்கும் இந்தச் சட்டத்தின்கீழ், முதல் ஆண்டான 2023–24க்கு ஏறத்தாழ 93.8 கோடி டாலர் கிடைத்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள மாவட்டங்கள் தம் பங்கில் 80 விழுக்காட்டை ஆசிரியர், உதவியாளர் நியமனத்துக்கே செலவிட வேண்டும். ஏற்கெனவே இருந்த செலவுக்கு இந்தப் பணத்தை ஈடாக வைத்து, பழைய பணத்தை வேறு பக்கம் திருப்பக்கூடாது என்பது சட்டத்தின் உயிர்நாடி. ஆனால் பள்ளி தன்னைப்பற்றித் தானே அளிக்கும் சான்றின்மீதே அது பெரிதும் நிற்கிறது. முன்மொழிவை எழுதியவரும், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பள்ளிகளின் முன்னாள் தலைமைக் கண்காணிப்பாளருமான ஆஸ்டின் பியூட்னரே, தாம் முன்பு நிருவகித்த அதே மாவட்டம் இந்த விதியை மீறியதாகக் கூறிப் பெற்றோருடன் சேர்ந்து 2025இல் வழக்குத் தொடுத்தார். மாவட்டம் அக்குற்றச்சாட்டை மறுத்தது. பணம் முறையாகவே செலவிடப்பட்டாலும், அதனால் கிடைக்கும் புதிய இசை ஆசிரியர் பத்தாம் வகுப்பில் யாருக்குக் கற்பிப்பார் என்பதைச் சராசரிக் கணக்கே பெரிதும் முடிவுசெய்யும்.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக விடை கூறிவிடலாம்.

எட்டாம் வகுப்பில் எடுத்த பேண்ட் வகுப்பு சேருமா? சேராது, அந்தச் சலுகை கணிதத்துக்கும் வேற்றுமொழிக்கும் மட்டுமே.

வகுப்பில் சேராமல் ஏ.பி. தேர்வை மட்டும் எழுதலாமா? கலை வரலாறு, கலை வடிவமைப்பு, இசைக்கோட்பாடு ஆகியவற்றுள் ஒன்றில் 3 அல்லது அதற்கு மேல் பெற்றால் ‘எஃப்’ நிறைவேறும்.

‘டி’ வாங்கியிருந்தால்? பள்ளிக்குப் போதுமானதாக இருக்கலாம், பல்கலைக்கழகத்துக்குப் போதாது. மீண்டும் எடுக்க வேண்டும்.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு? அதே ‘எஃப்’ தேவைதான்.

தனியார் பல்கலைக்கழகங்களுக்கு? ‘ஏ–ஜி’ அவற்றைக் கட்டுப்படுத்தாது.

அரங்கேற்றத்தை எங்கே குறிப்பது? 20 பதிவுகளுக்கு இடமுள்ள செயல்பாடுகள், விருதுகள் பகுதியிலும், எட்டுள் நான்குக்கு விடையெழுத வேண்டிய கட்டுரைக் கேள்விகளுள் படைப்பாற்றலைப் பற்றிய கேள்வியிலும்.

இசையையோ ஓவியத்தையோ முதன்மைப் பாடமாகப் படிக்க ‘எஃப்’ போதுமா? போதாது, யு.சி.எல்.ஏ. போன்ற வளாகங்கள் நிகழ்த்துத் தேர்வையோ படைப்புத் தொகுப்பையோ தனியே கேட்கின்றன.

வாசகர் இப்போதே செய்யத்தக்கது ஒன்று உண்டு. பள்ளியின் பெயரை இட்டுப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலைத் திறந்து, மதிப்பெண் பட்டியலில் உள்ள கலைப்பாடத்தின் பெயர் அதே ஆண்டுக்குரிய பட்டியலில் அதே வடிவில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் மாணவர் எழுதுவது அப்போதைக்கு நம்பி ஏற்கப்பட்டாலும், ஜூலை 1க்குள் அனுப்ப வேண்டிய இறுதி மதிப்பெண் பட்டியல் அதனோடு பொருந்தாவிட்டால், கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு.